கொண்டைக்கு மேலே

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்திலிருந்து எட்டு வரை
குழந்தைகளிடம் காசு வாங்குவதில்லை எங்கள் கடையில்.
யார் குழந்தை என்று சொல்வது
வாசல் நிலையில் வரைந்திருக்கும் சேவல்.
முதலாளி ப்ரூயிட்டின் மைத்துனன் குடித்துவிட்டு வரைந்தது,
ஒரு கால் மற்றதைவிடக் குட்டை.
அதன் கொண்டைக்குக் கீழே தலை நின்றால் இலவசம்.
மேலே போனால் பதினொரு டாலர், வரி தனி.

பத்தொன்பது வருடமாக இங்கே தட்டு தூக்குகிறேன்.
அலபாமாவின் இந்த மூலையில்
யாருக்கு டீயில் எத்தனை ஐஸ் என்பதுவரை தெரியும்.
முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே வரும்
பையன்களையும் தெரியும்.

டெரியன் ஜூன் மாதத்திலிருந்து மடக்குகிறான்.
லேசாகத்தான்.
காற்சட்டை தொளதொளவென்றிருப்பதால்
உற்றுப் பார்த்தால் ஒழியத் தெரியாது.
நான் உற்றுப் பார்ப்பதில்லை.

அவன் அம்மா ஷெவோனுக்குக் கோழி ஆலையில் வேலை.
தொடை பிரிக்கும் வரிசை.
விரல்கள் கத்தியைப் பிடித்த வாக்கிலேயே நின்றுவிட்டன,
வேலை முடிந்த பிறகும்.
"எனக்குக் காபி போதும் வெர்லீன்.
நாளெல்லாம் கோழியோடு கிடந்துவிட்டு
வாசனையே ஆகவில்லை."
காபியில் நாலு சர்க்கரை, மூன்று பால்.
பசியில்லாதவர்கள் காபியை அப்படிக் குடிப்பதில்லை.
பிறகு, பேச்சுவாக்கில்,
பிள்ளைகள் விட்டுவைத்த சோளரொட்டியின் ஓரங்கள்.

இன்று டெரியன் மடக்கவில்லை.
சேவலின் அருகே முதுகை ஒட்டி நின்றான்.
கொண்டை அவன் காதுமடலைத் தொட்டது.
ஷெவோன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த
பீச் பழப் பணியாரங்களை எண்ணத் தொடங்கினாள்.

"பெரியவர் தட்டு," என்றான்.
'பெரியவர்' கரகரத்தது, 'தட்டு' கீச்சிட்டது.

குழந்தைத் தட்டில் கோழிக்கால், ஒரே ஒரு தொடுகறி.
பெரியவருக்கு ஒரு கறி, மூன்று தொடுகறி.
பலகையை மேலிருந்து கீழே படித்தான்.
ஆறாம் மேசை டீக்குக் கை காட்டியது.
காட்டட்டும்.
பன்றிக்கால் போட்டு வேகவைத்த கீரை என்றான்.
வெண்டைக்காய் வறுவல் என்றான்.
மக்ரோனியும் சீஸும் என்றான்
(இந்த ஊரில் அதுவும் காய்கறிக் கணக்குதான்,
இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை).
"கறி?"
"கெளுத்தி மீன். கோழி வேண்டாம்."

"உனக்குத்தான் மீனே பிடிக்காதே!"
என்றாள் தங்கை ஜொசெட்.
மேசைக்கடியில் ஓர் உதை.
உப்புக் குப்பி குதித்து விழுந்தது.

தட்டு வந்ததும் நடுமேசைக்குத் தள்ளினான்.
"இன்னொரு முள்கரண்டி கிடைக்குமா?"

பலகையின் கடைசி வரி:
ஒரு தட்டை இருவர் உண்டால் மூன்று டாலர் கூடுதல்.
ப்ரூயிட் சொல்ல நான் எழுதியதுதான்.
என் கையெழுத்து எனக்கே விளங்காத நாட்கள் உண்டு.
இரண்டு கரண்டி கொண்டுபோய் வைத்தேன்,
ஒன்று தவறி விழுந்தால் இருக்கட்டும் என்று.

வேண்டாம் என்றாள் ஷெவோன்.
கீரைமேல் மிளகாய் வினிகரை ஊற்றிவிட்டு
இன்னொருமுறை வேண்டாம் என்றாள்.
மீனின் வால்பக்கம், மொறுமொறுப்பான அந்த முனை,
அதற்கப்புறம் அவள் எதுவும் சொல்லவில்லை.
கரண்டியைக் கைமுட்டியில் பிடித்துச் சாப்பிட்டாள்.
டெரியன் மக்ரோனியை மட்டும் தின்றான், மெதுவாக,
எதிர்ச் சுவரில் எதையோ பார்த்தபடி.

அவனே கொடுத்தான் பணத்தை.
ஒற்றை டாலர்களாக, நாலாய் மடித்து.
யாருடைய தோட்டத்திலோ புல்வெட்டிய கூலி,
ஒரு நோட்டின் ஓரத்தில் இன்னும் பச்சை.
இரண்டு தடவை எண்ணினான்.
நான் மூன்றாவது தடவை எண்ணவில்லை.

போகிற வழியில் ஜொசெட் சேவலருகே நின்று
குதிகாலைத் தூக்கினாள், கழுத்தை நீட்டினாள்.
அப்படியும் அதன் வயிறுவரைதான் எட்டியது.

காலைக் கீழே வை கண்ணு,
என்றேன், கை நிறையத் தட்டுகளோடு.
ஆறாம் மேசை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டது.