நீலத்தின் அளவு

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
இயற்கை ஏரி. செயற்கை ஏரி.
ஏழாம் எண் நீருக்கு எதிரே மூன்றாம் வருடமாக
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன்.

இதை யாரும் வெட்டவில்லை.
அல் ஐன் குளித்து, அரிசி களைந்து,
ஒளுச் செய்து, கார் கழுவி விட்ட நீர்
ஆலையில் தெளிந்து ஈச்சந்தோப்புக்குப் போய்,
வேரும் போதுமென்ற மிச்சம்
மணலுக்கடியில் நடந்து நடந்து
ஒருநாள் பள்ளத்தில்
எழுந்து உட்கார்ந்துகொண்டது.

குல் ஸமான் வண்டியை அணைப்பதில்லை.
ஏசி எனக்கல்ல, மாதிரிக் குப்பிகளுக்கு.
கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினேன்;
முழங்கை ஆழத்தில் கண்ணை விட்டுப் போயிற்று.
பாசிப்பயறு வெந்த சாறு போலத் தண்ணீர்.
அதில்தான் முப்பது பூநாரைகள்
தலைகீழாய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.
எனக்காக ஒன்றும் நிமிரவில்லை.

பதினோரு மணிக்கு வில்லாக்களின் ஏரி.
இங்கே பேனா தயங்காது:
அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, நடுவே நீரூற்று.
மேலாளர் ரனா கூரி கைகுலுக்கும்போதே சொன்னார்,
"மீன் செத்தது வெயிலால்."
நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.
புல்வெளி ஓரம் உர மூட்டைகள் இரண்டு, வாய் பிரிந்து.
தண்ணீரோ வானத்தைவிட நீலம்.
மொண்டேன். கையுறையின் விரல்நுனியும் நீலம்.
சாயம்,
மாதம் ஒரு கேன்.

பாஸ்பேட் சோதனை ஒரு வேடிக்கை.
மருந்தூற்றிப் பத்து நிமிடம்:
நல்ல நீர் வெறுமனே இருக்கும்,
கெட்டது நீலமாகும்.
எவ்வளவு நீலமோ அவ்வளவு கேடு.

ஏழாம் எண் நீலமாயிற்று. ஒத்துக்கொண்டது.
வில்லா நீரை என்ன செய்ய?
அது நீலமாகவேதான் வந்திருக்கிறது.
கருவி எதை எண்ணும்,
புல்லுக்குப் போட்டதையா கண்ணுக்குப் போட்டதையா?
மருந்தில்லாத குப்பியொன்றை அளந்து
சாயத்தைக் கழிக்க வழியிருக்கிறது. கழித்தேன்.
மிஞ்சியது ஏழாம் எண்ணைப்போல் நான்கு மடங்கு.
மறுபடி கழித்துப் பார்த்தேன். நான்குதான்.

படிவம் மேசைமேல் கிடக்கிறது.
ஏழாம் எண்ணுக்கு இரு கட்டங்களையும் விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதினேன்:
தானாக வந்தது, எங்களிடமிருந்து.

மாலை ரனா அழைத்தார்.
"நிறம் எப்படி? நீலமாகத்தானே வந்தது?"

"ஆமாம் மேடம்," என்றேன்.
"ரொம்ப நீலம்."