பதின்மூன்றாம் காம்பவுண்ட்

நசுங்கிய தேக்சா, பீர் டின், ஒடிந்த ஜன்னல் சட்டம்,
தாராவியில் எல்லாம் ஒரே கொப்பரைக்குள் இறங்கும்.
சுடலைக்கண்ணு கசடை வழித்தெறிவான்.
அடியில் மினுங்கும்
வெள்ளிக் கஞ்சி.

உன் காம்பவுண்ட் நம்பர்தான் அதன் நம்பரும் என்றேன்:
கருவுக்குள் பதின்மூன்று புரோட்டான்,
கூடவே நியூட்ரான் பதினான்கு.
"எண்ணிப் பாத்தியாக்கும்" என்றான்.

அவன் புருவம் கருகும் சூட்டில்
அந்தக் கருவுக்கு வியர்ப்பதுகூட இல்லை.
அலுமினியத்தில் நிலைத்தது இது ஒன்றே;
பங்கு கேட்கப் பங்காளி கிடையாது.

டிராம்பேயில் என் பிழைப்பு வேறு சூடு.
நகக்கண் அளவு தகடு
குழாய் வழியே அணு உலைக்குள் போய்
நியூட்ரான் மழையில் நின்றுவிட்டு வரும்.
அநேகக் கருக்கள் நனையாது.
ஏதோ ஒன்று, போகிறதென்று
ஒரு நியூட்ரானை உள்ளே விடும்.
இருபத்தேழு, இருபத்தெட்டு.
அவ்வளவுதான், தரிக்காது.

இரண்டேகால் நிமிடத்தில் பாதி தீர்ந்துவிடும்.
மிச்சத்தில் பாதி
அடுத்த இரண்டேகாலில்.
மான்கூர்டில் ரயிலேறி வடாலா சேர்வதற்குள்
ஏறக்குறைய எல்லாம் சிலிக்கான்.
மணலுக்குச் சொந்தம்.

"ஒண்ணு கூடுனதுக்கா இம்புட்டு?"
சுடலைக்கண்ணுக்கு நம்ப முடியவில்லை.
பத்துக்குப் பத்து அறை, ஒன்பது பேர்,
ஷிப்டு போட்டுத் தூக்கம்.
நேற்று ராத்திரி கோவில்பட்டிக்காரப் பையன் ஒருவன்
பையோடு வாசலில் நின்றிருக்கிறான்.

இவன் கண்ணைத் திறக்காமலே சொன்னானாம்:
நகந்து படுங்கலே.