காது மெழுகு

பார்த்தால் மெழுகுவத்திதான், திரி இல்லை.
முக்கால் அடி நீளம்.
எண்ணூரில் கரை ஒதுங்கிய நீலத்திமிங்கலம் ஒன்றின்
வலது காதிலிருந்து எடுத்தது.

திமிங்கலத்தின் காதுக்கு வெளியே வாசல் கிடையாது.
பிறந்த நாள்முதல் ஊறிய மெழுகு போக இடமில்லாமல்
இரை கிடைத்த மாதங்களில் வெளுப்பாகவும்
பட்டினி கிடந்து நீந்திய மாதங்களில் கறுப்பாகவும்
ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிக் கிடக்கிறது.
என் வேலை அதை நெடுக்கில் பிளந்து
லென்ஸுக்கு அடியில் வைத்து எண்ணுவது.

போன வாரம் ராயப்பேட்டையில்
என் காதில் வெந்நீர் பீச்சிய டாக்டர்
மிளகளவு ஒன்றைப் பஞ்சில் வைத்துக் காட்டினார்.
"இதில் என்ன எழுதியிருக்கு சார்?"
கேட்பதற்குள் அடுத்த டோக்கன்.

கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வந்தேன்.
இரண்டாயிரத்து நாலில் ஊசிமுனை நின்றது.
அந்த டிசம்பரில் சீனிவாசபுரத்தில்
எங்கள் அடுப்பு போனது, கதவு போனது,
ரூபன் போனான்.

வரியில் ஒன்றுமில்லை.
அதே கனம். நல்ல வெளுப்பு.
வயிறார இறால் தின்ற வருஷம்.

"நடுக்கடல்ல அந்த அலை ஒன்றரை முழம்தான்,"
என்றான் பாக்கியசீலன், கையுறையைக் கழற்றிக்கொண்டே.
"தூக்கிக் கீழ வச்சதே இதுக்குத் தெரிஞ்சிருக்காது."
திட்ட வாய் வந்தது.
மெழுகை என்னவென்று திட்டுவது?

நான்கு மணிக்கு ஹார்மோன் கணக்கு வந்தது.
எல்லா வருஷமும் தாழ்வாக ஓடிய கோடு
இரண்டாயிரத்துப் பதினொன்றில் மட்டும் செங்குத்தாக ஏறி
இறங்க மூன்று வருஷம் எடுத்திருக்கிறது.
அவ்வளவு பெரிய உடம்பை
எது அப்படி உலுக்கியது?
கப்பல்களா? குட்டியா?
பதினொன்றில் எனக்கு என்ன நடந்தது என்று யோசித்தேன்.
அடகிலிருந்த வளையலை மீட்டோம்.
இந்த வேலை கிடைத்தது.
அம்மா அந்த வருஷம்தான்
மறுபடி மீன் வாங்க ஆரம்பித்தாள்.

பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
பேனாவை வைத்து எடுத்ததில்
ஒரு புள்ளி விழுந்தது, அப்படியே விட்டேன்.

மூன்று தடவை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்
அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்துகொண்டாள்.
ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

இடது காது இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது.
திங்கட்கிழமை அறுக்க வேண்டும்.