ஐந்துக்கு மேல் கூடாது

கீழக்கரையில் கண்ணாடிக் கடை மாடியில்
மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம்.
விதிகளைப் பதுருதீன் கணக்கு நோட்டில்
பச்சை மையால் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரே சங்கதியைப் பற்றிய படங்கள் என்றால்
சேர்த்தே மாட்ட வேண்டும்.
இந்த மாதம் ஒன்று அடுத்த மாதம் ஒன்று என்று
வட்டிக்காசு மாதிரி தரக்கூடாது.
ஐந்துக்கு மேல் கூடாது.
ஒரே கணத்தை இரண்டு தரம் காட்டக்கூடாது.
எது முதலில், எது கடைசியில்
எடுத்தவரே சொல்ல வேண்டும்.
சொல்லத் தெரியாவிட்டால்
வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கவும்
(இது மட்டும் ஓரத்தில், பிற்பாடு சேர்த்தது).

என்னிடம் இருநூற்றுப் பதினாறு இருந்தன.
மூக்கையூர். கடல் வற்றியிருந்த காலை.
ஒரு வள்ளம். பாசி எடுக்கும் ஏழு பெண்கள்.
சேலைக்கு மேல் ஆண்சட்டை,
விரல்களில் சைக்கிள் ட்யூப் துண்டு,
பாதத்தின் கீழே கயிறு கட்டிய அலுமினியத் தட்டு.
நேற்றுச் சோறு தின்ற தட்டு,
இன்று நீந்துகிறது.

ஐஸ் கம்பெனிக் கணக்கை முடித்துவிட்டு
மூன்று இரவு அழிக்க உட்கார்ந்தேன்.
சாய்ந்தவை போயின, மங்கியவை போயின,
லென்ஸில் அலை துப்பியவை போயின.
மிச்சம் ஏழு.
ஆளுக்கு ஒன்று.

முங்குமுன் மூச்சை இழுக்கும் பஞ்சவர்ணம்.
நீச்சல் கண்ணாடிக்குள் ஒரு தண்ணீர்க்கோடு, அதற்குப் பின்னால் சவேரியம்மாள்.
மரிக்கொழுந்துப் பாசிக் கட்டின் கீழே
கழுத்து மட்டும் தெரியும் ஜெசிந்தா.
காளிமுத்தாள். லூர்து.
நாகஜோதியை எடுத்துவிட்டேன்.
ராக்குவையும்.
காரணம் சொல்லத் தேவையில்லை என்பதும்
நோட்டில் இருக்கிறது.

நல்ல தொகுதி என்றார்கள். டீ வந்தது.

பத்து நாள் கழித்துச் சாயல்குடிப் பேருந்தில்
கூடையோடு ராக்கு.
"ஏழு பேரு போனோம்,
அஞ்சு பேருதான் கரையேறியிருக்கோமாம்?
கடல்ல இப்படிக் கணக்கு குறைஞ்சா
ஊரே வந்து நிக்கும், தெரியுமா ஒங்களுக்கு?"

உன் படத்தில் வெளிச்சம் சரியில்லை என்றேன்.

"வெளிச்சம் எல்லாருக்கும்
ஒண்ணாத்தானய்யா விழுந்துச்சு."

கண்டக்டர் சில்லறை கேட்டார்.
அந்த நேரத்தில் சில்லறை தேடுவது
எவ்வளவு பெரிய உதவி.

ஏழு என்று திருத்த முடியுமா,
பதுருதீனிடம் கேட்டுப் பார்த்தேன்.
"ஏழுன்னா நாளைக்கு எட்டு.
போன வருஷம் ஒருத்தர் மக கல்யாணத்துல
தொண்ணூறு கொண்டாந்தாரு, மறந்துட்டீங்களா?"
மறக்கவில்லை.
பந்தியில் ரசம் ஊற்றுவது மட்டும் பதினொன்று.
அவர் சொல்வது சரிதான்.
அதுதான் தொல்லை.

ஏழையும் அச்செடுத்துக்கொண்டு போனேன்.
கச்சான் தூக்கி அடித்தது.
வள்ளத்துப் பலகையில் பரப்பி
ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தார்கள்.
இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு, அது என் வரிசை.
யாரும் என்னைக் கேட்கவில்லை. மாற்றினார்கள்.
முதலில் தண்ணீரில் குதிப்பவள் முதலில்,
அவளுக்குப் பின்னால் குதிப்பவள் பின்னால்.
கடைசியில் ராக்குவின் படம்:
ஒரு முழங்கை, ஒரு கயிறு, வள்ளத்தின் விளிம்பு.
தலை சட்டத்துக்கு வெளியே.

தலையே இல்லையே என்றேன், மன்னிப்புப் போல.
"கயிறு இருக்குல்ல" என்றாள்.
"நானும் எறங்கிட்டா வள்ளத்த யாரு பிடிக்கிறது?"

நாகஜோதி விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள்.
ட்யூப் கழற்றிய விரல், வெளுத்துச் சுருங்கி.
எண்ணி முடித்து, திரும்ப எண்ணினாள்.
"ஒண்ணு கொறையுது.
வள்ளத்துல எட்டுப் பேருல்ல.
குமட்டிக்கிட்டே வந்தது யாரு?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
சிரிப்பு அடங்குவதற்குள் அவள் குனிந்து
ராக்குவுக்குப் பக்கத்தில்
ஒரு படத்தின் அகலத்துக்கு இடம் ஒதுக்கி,
காற்றில் பறக்காதபடி
அந்த வெறும் பலகையின் மேலும்
ஒரு கல் வைத்தாள்.