இரண்டு புள்ளி

நாற்பது பக்கப் படிவம்.
கண் தெரியாதவளுக்குப்
பொடி எழுத்தில் அனுப்பியிருந்தார்கள்.
தம்பி ட்ரெவர் வாசிக்க வாசிக்க
டீ ஆறியது, மழை விட்டது, மறுபடி பிடித்தது.
கடைசிக்கு முந்தின கேள்வியில்
தொண்டையைச் செருமிக்கொண்டான்:
பழகிய வழியில் தனியாகப் போக முடியுமா?

முடியும் என்றேன்.
ஏன் முடியாது?
வாசலிலிருந்து பேக்கரிக்கு
இருநூற்றுப் பதினான்கு காலடி.
கிரிம்ஸ்பியில் என்னைவிட அந்தத் தெருவை
அறிந்தவர் யார்?
தொண்ணூறில் சாக்கடை மூடி டங்கென்னும்.
நூற்று முப்பதில் சலவைக் கடையின் வெந்நீர் மூச்சு
கன்னத்தில் படும்.
கடற்காற்று காதில் அறைந்தால் திருப்பம்.
அதற்கப்புறம் ரொட்டி வாசனை
கைபிடித்துக் கூட்டிப்போகும்.

தனியாக என்றுதானே கேட்டார்கள்.
கையிலிருந்த கோலை
யார் கணக்கில் சேர்ப்பார்கள்?
விரல் எத்தனை என்றால்
நகத்தையும் சேர்த்தா எண்ணுகிறோம்?

மதிப்பீட்டுக்கு ஒரு பெண் வந்தார்.
குரலுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
புதினா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு தட்டச்சினார்.
குரல் வந்த திசைக்கு முகம் திருப்பியே பேசினேன்,
அம்மா பழக்கிய மரியாதை.
அறிக்கையில் அது
‘கண்ணைப் பார்த்துப் பேசினார்’ என்று ஆயிற்று.
‘நாற்காலியை உதவியின்றிக் கண்டறிந்தார்.’
என் வீட்டு நாற்காலி, மகராசி!
முப்பது வருஷமாய் அது அங்கேதான் நிற்கிறது.

முடிவைக் கைப்பேசி உரக்க வாசித்தது,
பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் அதே குரலில்:
பத்துப் புள்ளி.
முழுத் தொகைக்குப் பன்னிரண்டு வேண்டும்.
பழகாத வழியில் துணை தேவையென்றால் பத்து.
பழகிய வழியிலும் தேவையென்றால் பன்னிரண்டு.

ஊருக்கு ஊர் பெரும்புள்ளிகள் உண்டு.
நான் பத்துப் புள்ளி.

நாற்பது வயதில் பிரெய்ல் படித்தவள்;
ஆறு புள்ளிக்குள் அகரவரிசை அடங்கும்.
ஒன்று குறைந்தால் சொல்லே வேறு.
இங்கே இரண்டு குறைந்ததில்
வேறாகிப்போனது நான்.

மேல்முறையீட்டு நாளில்
மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர்.
நடுக்குரல் நீதிபதி. இடக்குரல் மருத்துவர்.
மூன்றாமவர் நெடுநேரம் பேசவில்லை;
சக்கர நாற்காலியின் ரப்பர் மட்டும்
ஒருமுறை முனகியது.
பிறகு அவர்தான் கேட்டார்:
‘செவ்வாய்க்கிழமைகளில், மிஸஸ் கிரேபர்ன்?’

செவ்வாய் குப்பைத் தொட்டி நாள்.
நடைபாதை நெடுக அவை வரிசை பிசகி நிற்கும்.
அறுபத்தெட்டில் என் எண்ணிக்கை உடையும்.
அன்றைக்கு நான் போவதில்லை.
அது திங்களன்றே வாங்கிய ரொட்டி என்று
யாரிடமும் சொன்னதில்லை.
இவருக்கு எப்படித் தெரிந்தது?

‘கோல் இல்லாத நாட்களில்?’
இல்லாத நாளே இல்லை என்று சொல்ல
வாயெடுத்தேன்.
அங்கேயே நின்றுவிட்டது வாய்.

நாலாய் மடித்து மடியில் கிடந்தது அது,
தூங்கும் சின்னப் பிராணி மாதிரி.
‘இது இல்லாமல் வாசற்படி தாண்ட முடியாது.’
முடியாது.
பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறை
அந்தச் சொல்லை முழுசாகச் சொன்னேன்.
அலுமினியத்தைக் கடித்ததுபோல்
பல் கூசியது.
எங்கோ ஒரு பேனா கீறியது.

ஜூனில் கார் வந்தது,
தொகைக்கு ஈடாக மாத வாடகையில்.
நீலம் என்றான் ட்ரெவர்.
சரி, நீலம்.
அவன் ஓட்டுவான்: மருத்துவமனைக்கு,
பெரிய கடைக்கு, ஞாயிறு கடற்கரைக்கு.

புதன்கிழமை காலை. தொட்டியில்லாத நாள்.
பேக்கரிக்குக் கிளம்பினேன்.
பதினோராவது காலடியில் கோல்
அதுவரை அறியாத எதிலோ இடித்தது.
தடவினேன். குளிர்ந்த தகரம். கண்ணாடி. கதவுப்பிடி.
தெரு குறுகலாம்;
இரண்டு சக்கரத்தை நடைபாதைமேல் ஏற்றி
நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்,
என் காரை.

‘ட்ரெவர்!’ என்று கத்தியதில்
எதிர்வீட்டு நாய் குரைத்தது.
அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.
ஒரு கையால் அதன் விலாவைத் தடவிக்கொண்டே
சாலையில் இறங்கிச் சுற்றினேன்.
ஒன்பது காலடி கூடுதல்.

இருநூற்று இருபத்துமூன்று.