ஈ ஓட்டிய கோடை

கோடை முழுக்க என்ன செய்தாய் என்று
யார் கேட்டாலும்
ஈ ஓட்டினேன் என்பேன்.
பொய்யில்லை. சம்பளத்துக்கு ஓட்டினேன்.
பத்து வாரம், வெள்ளைக் கோட்டு,
அடையாள அட்டையில் பாதி மூடிய கண்.

ஊலு நகரத்தில் ஜூனில் இரவு என்று ஒன்று இல்லை.
பதினொரு மணிக்கும் ஆற்றின் மேல்
ஆடை எடுத்த பாலின் நிறத்தில் வெளிச்சம் நிற்கும்.
பின்னிரவு இரண்டுக்குப் பையன்கள்
பாலத்தடியில் பந்து எறிவார்கள்.
ஊரிலேயே இருட்டு இருந்த இடம்
உயிரியல் துறையின் அடித்தளத்தில்
ஒன்பதாம் எண் அறை மட்டும்.
அதன் சாவி என்னிடம் இருந்தது.

உள்ளே பென்சிலைவிட ஒல்லியான
கண்ணாடிக் குழாய்கள் முப்பத்திரண்டு.
குழாய்க்கு ஓர் ஈ.
ஒரு முனையில் சர்க்கரைக் கூழ், மறுமுனையில் பஞ்சு,
நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர்.
ஈ அதைக் கடந்தால் கணினியில் ஒரு புள்ளி.
சூரியனையே காட்டாமல் வைத்தாலும்
விடியலுக்கு எழுகிறதா?
எழுகிறது. அது பழைய சேதி.
ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டால்?
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் வாரம் கொன்றவை அதிகம்.
மயக்க வாயு கொஞ்சம் கூடினால்
தூக்கம் சாவாகிவிடும்.
தூரிகை நுனியால் ஆணா பெண்ணா என்று
புரட்டிப் புரட்டிப் பழகியதில்
சந்தையில் வாங்கிய புளூபெரியையும் புரட்டிப் பார்த்தேன்.
"உன் தலைமுடியில் ஈஸ்ட் வாசனை" என்றான்
பக்கத்து மேசை ஒஸ்கரி.
அவனும் கோடைக்கு மட்டும் வந்தவன்.
பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

குறிப்பேட்டுக்கு ஒரே விதி:
பேனாவால் எழுது.
தவறினால் அழிக்காதே, ஒற்றைக் கோடு இழு.
அடியில் இருப்பது படிக்கும்படி இருக்கட்டும்.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
வெளிச்சத்தில் தூங்க முடியாமல்
சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.
ஒன்பதாம் அறைச் சுவரோரம் உட்கார்ந்தேன்.
சோதனைக்காக அல்ல,
இருட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.
சட்டைப்பையில் கைபேசி விழித்தது.
கெமியிலிருந்து தம்பி.
சும்மாதான் அழைத்தானாம்.
ஒரு மூச்சு இழுக்கும் நேரம்
அறை முழுக்க நீலம்.

முப்பத்திரண்டு ஈக்களும்
ஒரே நிமிடத்தில் துள்ளியதை நான் பார்க்கவில்லை.
கணினி பார்த்தது.

வியாழனன்று ஹென்னா வரைபடத்தை
நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தாள்.
முனைவர் பட்டத்துக்கு நான்காம் வருடம்,
நகம் கடித்தே விரல் சிவந்தவள்.
"எல்லாம் சேர்ந்து குதிச்சிருக்கு பார்.
கரண்ட் போயிருக்கும்."
குறிப்பேட்டில் எழுதினாள்: மின்தடை?

அந்தக் கேள்விக்குறி
தாழ் போடாத பின்வாசல்.
மூன்று நாள் அதன் வழியாகப் போய் வந்தேன்.
சாப்பாடு இறங்கியது. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு, கட்டடத்தில் யாரும் இல்லை.
மின்தடை என்பதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன்.
கீழே: கைபேசி. என்னுடையது. 2.41.
அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.
கடைசி வாக்கியம் தேவையில்லைதான்.
பேனா என்பதால் நின்றுவிட்டது.

ஹென்னா படித்தாள்.
திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.
ஒன்பது நாள் தரவின் மேல் அவளும் கோடிழுத்தாள்,
அளவுகோல் வைத்து.
பிறகு, "பசங்க எத்தனை பாட்டில் இருக்காங்க?" என்றாள்.
ஈக்களை அப்படித்தான் சொல்வாள்.
ஆறு என்றேன்.
திங்களன்று மறுபடி முதல் குழாய்.

ஆகஸ்டில் சுவரொட்டி மாட்டினோம்.
கெட்ட மரபணு ஈக்களில் மிஞ்சியவை பதினொன்று.
சிலது செத்தன, சிலதுக்குக் கூழ் காய்ந்தது.
பெரிய எழுத்தில் சொல்ல எதுவும் இல்லை;
'ஒரு போக்கு தெரிகிறது' என்று
சிறிய எழுத்தில் சொன்னோம்.
ஒஸ்கரி கடைசி வரி வரை படித்தான்,
வாய் நிறையக் கேக்கோடு.

சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று
விருந்து முடிந்து வெளியே வந்தால்
ஆற்றின் மேல் இருட்டு.
பூட்டில்லாத இருட்டு, ஊருக்கே.
பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக்
கைபேசியை எடுத்தேன்.
திரை வெளிச்சம் கைப்பிடிச் சுவர் வரை போனது.
யாரும் துள்ளவில்லை.

என்ன விஷயம், இந்நேரத்தில்? என்றான் தம்பி.

சும்மாதான்.