ஆள்குறைப்பு

ரூவி பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக் கைவிட்டால்
நெஞ்சோரம் செருகிய ஒரு ரியால்
அங்கே இல்லை.
வழுக்கி இறங்கி
இடுப்பு மடிப்பில் நனைந்து கிடந்தது.
பதினாறு வருஷமாக
வைத்த இடத்தில் இருந்த பணம்.

சுகர் என்றார் டாக்டர்.
குபூஸை விட்டேன், டீயில் சீனியை விட்டேன்.
முத்ரா கடலோரம் இருட்டோடு நடந்தேன்,
வயிறே வயிறே நீ போ என்று.
பதினொரு கிலோ போனது.
வயிறு அப்படியே உட்கார்ந்திருக்கிறது,
முதலாளியின் மச்சான் மாதிரி.

கடையில் மரிட்டெஸ் நாடாவைச் சுற்றி
நம்பாமல் மறுபடியும் சுற்றினாள்.
நாற்பது இப்போது முப்பத்தாறு.
"அங்கே கொழுப்புதான் சிஸ்டர்,
முதலில் அது கிளம்பிவிடும்."
ஆள்குறைப்பில்
சத்தம் போடாதவர்களைத்தானே முதலில் அனுப்புவார்கள்,
எனக்குத் தெரியாதா.

வீடியோவில் அருளப்பன் கேட்டார்:
"என்ன ஜெபக்கனி, நோயாளி மாதிரி?"
"சுகர் நூற்றிப் பத்து" என்றேன்.
அதற்குப் பதிலில்லை.

திரைக்குப் பின்னால் புதியதைப் போட்டு
ரியாலை மடித்து உள்ளே வைத்தேன்.
யாரும் பார்க்கவில்லை.
இரண்டு தரம் குதித்தேன்.

விழவில்லை.